ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தபோது

ஸ்கேன் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்திய பிறகுதான், அழுத்துவதற்கு முன்னால் எதையோ ஒருதரம் பார்த்திருக்க வேண்டும் என்று குமுதவல்லிக்குத் தோன்றியது. எதை என்று நினைவு வரவில்லை. திருவெறும்பூரில் பஸ் ஏறிப் பால்பண்ணை தாண்டும்போது, கேஸை மூடினோமா என்று வருமே, அந்த மாதிரி. மூடியிருப்போம். கை தானாக மூடியிருக்கும். ஆனால் மூடிய கை ஞாபகத்தில் இல்லை. அதற்குள் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒரு வரி, அதன் கீழ் ஒரு வரி, பிறகு சேர்ந்தாற்போல் பத்து வரி. அவள் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி மூணு அஞ்சு. ஜன்னலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில், யாரோ துவைத்த பச்சைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சிலேயே நின்றது. அன்வர் போனில் சொன்னதை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். கண் படம் போட்ட ஐகானை ரெண்டு தரம் தட்டுங்க. தட்டினாள். டார்கெட் என்கிற கட்டத்தில் நான் மெசேஜ் அனுப்பியிருக்கிற நம்பரை அப்படியே அடிங்க, கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு இருபத்து நாலு. அடித்தாள். பக்கத்தில் ப்ரொஃபைல் என்று ஒரு கட்டம் இருக்கும், திறந்தால் பத்துப் பெயர்கள் வரிசையாக வரும், அதில் பிங் ஸ்கேனை மட்டும் எடுங்க, வேறு எதையும் எடுத்துராதீங்க அக்கா. எடுத்தாள். எடுத்தாளா? எடுத்தாள். பிங் என்ற எழுத்தின் மேல் அம்புக்குறி நின்றது இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் ஸ்கேன். அவ்வளவுதான் அக்கா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும், படம் போட்ட மாதிரி எல்லாம் வந்துரும் என்றான் அன்வர். ஒரு நிமிஷம். மணி மூணு ஒன்பது ஆகிவிட்டது.

அன்வர் இருந்தவரை இதெல்லாம் அவள் வேலை இல்லை. உறையூரில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருஷம். அதில் பத்தொன்பது வருஷம் முன்வாசல் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வரும் போன் கால்களை வாங்கி டாக்டருக்கு, லேபுக்கு, வார்டுக்கு என்று பிரித்து அனுப்புகிற வேலை. மூணு வருஷம் முன்னால் போர்டை எடுத்துவிட்டார்கள். எல்லா மேஜைக்கும் தனித்தனி நம்பர் வந்துவிட்டது. அவளை என்ன செய்வது என்று தெரியாமல், எப்போதோ கம்ப்யூட்டர் டிப்ளமா படித்திருக்கிறாளே என்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் அறையில் அன்வருக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். மகன் வயதுதான் அவனுக்கு. பிரிண்டருக்கு மை மாற்ற, நின்றுபோனதை அணைத்துப் போட, பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு கொடுக்க, இவ்வளவும் சொல்லிக்கொடுத்தான். எட்டு மாசம் முன்னால் ஓசூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். வேற ஆள் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்றால் குமுதவல்லிதான். நினைத்தாலே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கல்யாண வீட்டில் தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல. வீட்டில் புருஷன் தனபாலிடம் சொன்னபோது, "உனக்கு எது புரிஞ்சிருக்கு, இது புரியறதுக்கு?" என்று சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையும் கோபமாகச் சொல்வதில்லை. அதனால்தான் அது போய்த் தொலையாமல் உள்ளேயே கிடக்கிறது. வியாழக்கிழமை தரச்சான்று கொடுக்கிறவர்கள் வருகிறார்களாம். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் என்னென்ன மெஷின் சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் கேட்பார்களாம். மேனேஜர் பாலகுருசாமி காலையில் கதவருகில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். "ஒரு லிஸ்ட்தானே மேடம், அதுக்கெல்லாம் ஸாஃப்ட்வேர் இருக்குமே, தட்டிவிட்டா தன்னால வந்துரும்." தட்டிவிட்டாள். அது தன்னாலேதான் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இது லிஸ்ட்டாகத் தெரியவில்லையே.

திரையில் ஒவ்வொரு நம்பருக்குக் கீழும் என்னென்னவோ விழுந்தது. திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. எது திறந்திருக்கிறது? கதவு மாதிரி சொல்கிறது. யார் திறந்தார்கள்? இவள் தட்டியதால் திறந்ததா, இல்லை ஏற்கெனவே திறந்து கிடந்ததை இது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறதா? ஒரு தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, யார் இருக்கீங்க, என்ன பண்றீங்க, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கிற ஆள் ஒருவனை அவள் நினைத்துக்கொண்டாள். ஜனத்தொகை கணக்கெடுக்க வருகிறவர்கள் அப்படித்தான். அவர்களாவது கையில் அட்டை வைத்திருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில், பதினேழு சதவீதம் முடிந்தது, இன்னும் இருபத்து மூணு நிமிஷம் என்று வந்தது. இருபத்து மூணா? அவன் ஒன்று என்றானே. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ப்ரொஃபைல் கட்டத்தைப் பார்த்தாள். அதில் பிங் இல்லை. இன்டென்ஸ் என்று ஏதோ இருந்தது. இல்லை, பிங்தான் எடுத்தேன். எடுத்த பிறகு என்ன செய்தேன்? மெசேஜில் வந்த நம்பரும் அடித்த நம்பரும் ஒன்றுதானா என்று சரிபார்க்க போனை எடுத்தேன். அப்போது விரல் மௌஸின் நடுச்சக்கரத்தில் பட்டு உருண்டிருக்குமா? உருண்டால் அந்தக் கட்டத்தில் இருக்கும் பேர் தானாக மாறுமா? மாறும் போலிருக்கிறது. ஒரு தரம் சம்பளப் பட்டியலில் மாசம் தானாக மாறி, ஜூன் மார்ச் ஆனது. அப்படியென்றால் இவள் மாற்றவில்லை, விரல்தான் மாற்றியது. விரல் யாருடையது? இன்டென்ஸ் என்றால் தீவிரம். தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருக்கிறார்களே, அதே இன்டென்ஸ்தான். தீவிரம் என்றால் நல்லதாகவும் இருக்கலாமே. நன்றாகத் தேடும், ஒன்றையும் விடாது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்வர் ஏன் வேறு எதையும் எடுக்காதீங்க என்றான்? நேரமாகும் என்பதற்காகச் சொல்லியிருப்பான். வேறு எதற்காகவும் சொல்லியிருப்பானா?

மேலே வரிசையாக இருந்த தலைப்புகளில் ஒன்றைத் தட்டியபோது எழுத்தெல்லாம் போய்ப் படம் வந்தது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அதிலிருந்து கோடுகள் கிளம்பி, சுற்றிலும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் நம்பர். நடுவில் இருப்பது இந்தக் கம்ப்யூட்டர் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது விநோதமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரிக்கு அவள் எப்போதும் நடுவில் இருந்ததில்லை. போர்டில் இருந்தபோதும் அவள் வழியாக எல்லாரும் போனார்கள், அவளிடம் யாரும் வரவில்லை. சிவப்பு ஏன் சிவப்பு? அபாயமா? பெரிய வட்டம் ஏன் பெரியது? பில்லிங் கம்ப்யூட்டர் எது, மருந்துக் கடை எது, எக்ஸ்ரே எது? எதற்கும் பேர் இல்லை. ஒரு வட்டத்தைத் தட்டினாள். படம் முழுவதும் சுழன்று, அந்த வட்டம் நடுவுக்கு வந்து, இவள் எங்கோ ஓரத்துக்குப் போய்விட்டாள். திருப்பிக் கொண்டுவர எதைத் தட்டுவது என்று தெரியவில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒரே வயர்ல எல்லாத்தையும் தொங்க விட்டிருக்காங்க அக்கா. இது யார் சொன்னது? அன்வர்தான். போவதற்கு ஒரு வாரம் முன்னால், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு வயர்களைக் கட்டியபோது. ஐசியூ மெஷினை மட்டுமாவது தனியா பிரிக்கணும், நானும் மூணு தரம் எழுதிக் கொடுத்துட்டேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, ஆமா என்றாள். எதற்கு ஆமா என்றாள்? எல்லாவற்றுக்கும் சொல்கிற ஆமா அது. ஐசியூ மெஷினை ஏன் பிரிக்க வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். அவன் கையில் பல்லால் கடித்த டேப் இருந்தது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. உள்போன். ஐசியூவின் தலைமை நர்ஸ் லூர்துமேரி. இவளைவிட எட்டு வருஷம் மூத்தவர். இவள் வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து இருப்பவர். "குமுதா, மேல சென்ட்ரல் மானிட்டர் போயிடுச்சு. எட்டுக் கட்டிலும் ஒண்ணா கறுப்பாயிடுச்சு. கீழ வயர் எதையாச்சும் தொட்டியா?" சென்ட்ரல் மானிட்டர் என்றால் நர்ஸுகள் மேஜையில் இருக்கும் பெரிய திரை. எட்டுக் கட்டிலில் இருப்பவர்களின் நாடித்துடிப்பும் மூச்சும் ஒரே இடத்தில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் ரெண்டு நர்ஸ் எட்டுப் பேரைச் சமாளிக்கிறார்கள். "இல்ல சிஸ்டர், வயர் எதையும் தொடல." அது உண்மைதான். வயரைத் தொடவில்லை. "சரி, என்னன்னு பாரு. ஒரு பொண்ணு இன்னும் சாப்புட்டு வரல, நான் ஒருத்திதான் கட்டில் கட்டிலா ஓடிக்கிட்டு இருக்கேன்." வைத்துவிட்டார். குமுதவல்லி ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மூணு அஞ்சுக்கு முன்னால் நின்றிருந்தால் அது இவள் இல்லை. பின்னால் என்றால்? பின்னால் என்றாலும் இவளாக இருக்க வேண்டும் என்று இல்லையே. கரண்ட் போய் வந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். போன தீபாவளிக்கு எலி கடித்து லேப் முழுக்க நின்றது. திரையைப் பார்த்தாள். முப்பத்தொரு சதவீதம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் நடக்காதது போல. எதுவும் நடக்கவில்லையோ என்னவோ.

கட்டிலில் யார் யார் இருக்கிறார்கள்? காலையில் அட்மிஷன் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போனபோது, ஐசியூ வாசல் பெஞ்சில் ஒரு அம்மா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து எடுத்த இட்லியை மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் எந்தக் கட்டில்? இப்போது அவருக்கு மூச்சு திணறினால், பெரிய திரையில் சிவப்பு விளக்கு எரியாது. லூர்து சிஸ்டர் அந்த நேரத்தில் எட்டாவது கட்டிலில் நின்றால்? முதல் கட்டிலுக்கும் எட்டாவது கட்டிலுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? கட்டிலுக்குப் பக்கத்திலேயே தனி மெஷின் இருக்கிறதே, அது கத்தாதா? கத்தும். அதுவும் நின்றிருந்தால்? ஹலோ, அம்மா, கொஞ்சம் சீக்கிரம்மா. அந்தக் குரல் வந்துவிட்டது. வராமல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு காலை நேரம், லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள், இதய டாக்டர் வேணும் என்று. டாக்டர் லைன் பிசி. கொஞ்சம் இருங்க என்று காத்திருப்பில் போட்டாள். அடுத்தடுத்து மூணு கால். லேப், மருந்துக் கடை, யாரோ ஒருத்தர் விசிட்டிங் நேரம் கேட்டு. திரும்பி வந்தபோது லைன் வெறுமையாக இருந்தது. எவ்வளவு நேரம் போட்டிருந்தாள்? ரெண்டு நிமிஷமா? ஏழு நிமிஷமா? யார் அந்த ஆள், யாருக்கு என்ன, பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, அங்கே டாக்டர் இருந்தாரா, எதுவும் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை, தனபாலிடமும். அந்த ஏழு நிமிஷமும் அந்த ஆள் காதில் நம் ஆஸ்பத்திரியின் மணிச்சத்தப் பாட்டு ஓடியிருக்கும். அது தப்பா, தப்பில்லையா என்று பதினோரு வருஷமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. லைன் பிசியாக இருந்தால் அவள் என்ன செய்வாள்? ஆனால் அவள் விரல்தான் அந்தப் பொத்தானை அழுத்தியது. இப்போதும் விரல்தான்.

நிறுத்த வேண்டும். எதை அழுத்தினால் நிற்கும்? ஸ்கேன் பொத்தானுக்குப் பக்கத்தில் கேன்சல் என்று இருந்தது. அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. வட்டங்களின் படத்தில் நின்றுகொண்டு அழுத்தினால் கேட்காதோ? மறுபடி அழுத்தினாள். எழுத்துப் பக்கத்துக்குப் போனாள். முப்பத்து நாலு. அன்வரைக் கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் உள்ளது. பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசமாகுமோ? ரத்தம் ஏற்றும்போது பாதியில் பிடுங்கக் கூடாது என்பார்கள். அது வேறு, இது வேறு. இது வேறுதானா? ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் மொத்தமாக மூடிவிடும். அழுத்தினாள். ஒரு சின்னப் பெட்டி வந்து, ஸ்கேன் இன்னும் முடியவில்லை, நிச்சயமாக மூட வேண்டுமா என்று கேட்டது. நிச்சயமாக. அவளிடம் நிச்சயமாகவா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வாழ்க்கையில் எதை நிச்சயமாக என்று செய்திருக்கிறாள்? டிப்ளமா சேர்ந்தது அண்ணன் சொன்னதால். இந்த வேலை, இந்தக் கல்யாணம், திருவெறும்பூர் வீடு, எல்லாம் யாரோ ஆமாவா என்று கேட்டு, இவள் ஆமா என்றது. அன்வரை மறுபடி கூப்பிட்டாள். உபயோகத்தில் உள்ளது. உள்போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வார்கள் என்று பயமாக இருந்தது. அந்தப் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. ஆமா என்பதை அழுத்தினாள். கண் படம், வட்டங்கள், சதவீதம் எல்லாம் போய், பின்னால் இருந்த பச்சை மலைப் படம் வந்தது. அது போதாது என்று தோன்றி, மேஜைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த நீல வயரைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது சுண்டுவிரல் நகம் உடைந்தது. மணி மூணு இருபத்தாறு. உள்போன் நின்றுவிட்டிருந்தது.

மாடிக்கு முப்பத்தெட்டுப் படி. லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. ஏறும்போது, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சிஸ்டர், நான் ஒரு ஸ்கேன் போட்டேன். ஸ்கேன் என்றால் இவர்களுக்கு வேறு அர்த்தம். சிஸ்டர், நான் கீழே கம்ப்யூட்டரில் ஒன்றைத் தட்டினேன், அதனால் இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்வதா, அதனால்தான் என்று சொல்வதா? இருக்கலாம் என்றால் தப்பித்துக்கொள்கிற மாதிரி. அதனால்தான் என்றால் தெரியாததைத் தெரிந்த மாதிரி. ரெண்டும் பொய். பெஞ்சில் அந்த அம்மா இல்லை. பை மட்டும் இருந்தது. ஏன் இல்லை? உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கு உள்ளே கூப்பிடுவார்கள்? கால் ஒரு கணம் நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றி, கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சத்தமே இல்லை. அவள் எதிர்பார்த்த ஓட்டமும் கூப்பாடும் இல்லை. நர்ஸ் மேஜையின் பெரிய திரையில் எட்டுப் பச்சைக் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் பைக்கார அம்மா ஆறாவது கட்டிலருகே நின்று, ஒரு கிழவருக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். லூர்துமேரி மூணாவது கட்டிலில் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத்தான் திரும்பினார். நெற்றியெல்லாம் வியர்வை. "வந்துடுச்சு குமுதா. அணைச்சுப் போடட்டுமான்னு கேக்கத்தான் போன் அடிச்சேன், நீ எடுக்கல."

"எப்ப வந்துச்சு சிஸ்டர்?"

"இப்பதான். அணைச்சுப் போட்டேன், வந்துடுச்சு. ஒரு பத்து நிமிஷம் நின்னுருக்கும். யாருக்கும் ஒண்ணும் இல்ல, எட்டுப் பேருக்கும் கையாலயே பாத்துட்டேன். ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"நான்தான் சிஸ்டர் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறேன்." சொல்லிவிட்டாள். படியில் யோசித்த எந்த வாக்கியமும் அது இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டியல், அன்வர், பிங், சக்கரம் உருண்டது, மூணு இருபத்தாறுக்கு வயரைப் பிடுங்கியது என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். லூர்துமேரி கேட்டுக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய் டிரிப்ஸைச் சரிசெய்தார். "நீ வயரைப் பிடுங்கினதும், நான் அணைச்சுப் போட்டதும் ஏறக்குறைய ஒரே நேரம். அப்ப எதுனால வந்துச்சு? இந்த மெஷின் மாசத்துக்கு ஒரு தரம் தானாவும் நிக்கும். கம்பெனிக்காரன்கிட்ட இப்பதான் பேசினேன், அப்பப்ப அப்படி ஆகும், அணைச்சுப் போடுங்கன்னான்." அவர் குரலில் குற்றம் இல்லை. மன்னிப்பும் இல்லை. குமுதவல்லிக்கு அழுகை வந்தது. ஆனால் எதற்காக என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் ஒரு மாதிரி, போ என்றிருந்தால் ஒரு மாதிரி. இப்படி நடுவில் விட்டால் எங்கே போய் நிற்பது? கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதில் எது யார் என்று மட்டும் இங்கே எழுதியிருந்தது. கட்டில் ஒன்று, கட்டில் ரெண்டு.

பாலகுருசாமி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதுதான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், ஒண்ணும் ஆகலல்ல? அப்ப விடுங்க. இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, முக்கியமா வியாழக்கிழமை. லிஸ்ட் எவ்வளவு வந்திருக்கு?"

"பாதிகூட வரல சார். மூடிட்டேன்."

"மறுபடி போட்டு முடிச்சிருங்க. இந்தத் தரம் அந்த அன்வர் சொன்ன மாதிரியே கரெக்டா போடுங்க. ஒரு நிமிஷ வேலைதானே."

ஆமா சார் என்று வாய் ஆரம்பித்துவிட்டது. ஆ என்கிற வடிவத்தில் உதடு திறந்திருந்தது. பிங் என்று போட்டால் ஒன்றும் ஆகாது என்று அன்வர் சொல்வான். ஆகாதுதான் போலிருக்கிறது. ஆனால் முதல் தரமும் அவள் பிங் என்றுதானே போட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை போட்டாள். தெரிந்தவரை என்பது எதுவரை? கண்ணாடி வழியே பார்த்தால் லூர்துமேரி ஒருத்தி, எட்டுக் கட்டில், மூணாவதில் அந்தப் பெண், அவள் கை இன்னும் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் போட மாட்டேன் சார்."

அவர் சட்டையிலிருந்து கையை எடுத்தார். "ஏன் மேடம்? உங்களாலதான் நின்னுச்சுன்னு யாருமே சொல்லலயே."

"என்னால இல்லைன்னும் யாரும் சொல்லல சார்."

"நாளன்னிக்கு லிஸ்ட் இல்லாம நான் என்ன பண்றது?"

"லிஸ்ட் தர்றேன் சார். அதை மட்டும் போட மாட்டேன். அது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச ஆள் யாராச்சும் வந்து, ஐசியூவ தனியா பிரிச்சுட்டுப் போட்டுக்கட்டும்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வேலையை விட்டு நிறுத்துவார்களோ? நிறுத்தலாம். கம்ப்யூட்டர் அறையில் யார் உட்காருவார்கள் என்று அவரும் யோசிப்பது போல் தெரிந்தது. அல்லது வேறு எதையோ. அவர் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. "என்னமோ பண்ணுங்க, புதன்கிழமை சாயங்காலம் என் மேஜைல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது சரி என்று அர்த்தமா, சரியில்லை என்று அர்த்தமா?

குமுதவல்லி நர்ஸ் மேஜையிலிருந்து ஒரு நீளப் புத்தகத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில், மூணு அஞ்சுக்கு ஸ்கேன் தொடங்கினேன், மூணு இருபத்தாறுக்கு நிறுத்தினேன், இதற்கு நடுவில் ஐசியூ சென்ட்ரல் மானிட்டர் நின்றது, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காரணம் தெரியவில்லை என்பதைப் படித்துப் பார்த்தாள். அடித்துத் திருத்த ஒன்றும் இல்லை. அப்புறம் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த இளம் நர்ஸ் மேஜையைப் பார்த்துக்கொள்ள, லூர்துமேரி ஒவ்வொரு மெஷினாக மெல்லத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருக்கும் நம்பரைப் படித்துச் சொன்னார். இவள் எழுதினாள். கட்டில் ஒன்று, மானிட்டர், டிரிப்ஸ் மெஷின். கட்டில் ரெண்டு. இந்த மாடி முடிந்தால் லேப், அப்புறம் எக்ஸ்ரே, மருந்துக் கடை, நாலு தளம். இன்றும் நாளையும் ஆகும். ஆகட்டும். பேனா பிடித்த கையில், நகம் உடைந்த சுண்டுவிரல் வலித்தது. கோடுகள் ஏறி இறங்கும் திரையை இடையிடையே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தான் எழுதுவதால் அது நின்றுவிடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒன்றைத்தான் இன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

ஆறாவது கட்டில் கிழவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இன்னும் ஈரமாக இருந்தது. "என்னம்மா எழுதற?"

"மெஷினோட பேருங்க ஐயா. லிஸ்ட் எடுக்கறோம்."

"மெஷினுக்குப் பேரு எழுதற. என் பேர எழுதலயா?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. பெஞ்சுக்கார அம்மா, "சும்மா இருங்க" என்று கரண்டியை டம்ளரில் போட்டாள். பட்டியலில் அதற்கு இடம் இல்லை. மெஷின், நம்பர், இடம் என்று மூணே கட்டம்தான் போட்டிருந்தாள். இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"சொல்லுங்க ஐயா."

"காத்தமுத்து. எழுதறப்ப பாத்து எழுது, ரெண்டு எடத்துல புள்ளி வரும். இவங்க சீட்டுல ஒண்ண விட்டுட்டாங்க."

மெஷினுக்குப் பின்னாலிருந்து லூர்துமேரி, "குமுதா, அடுத்த நம்பர் சொல்லட்டுமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றாள் குமுதவல்லி. முதல் புள்ளியை வைத்தாள். "இவர் பேரு இன்னும் முடியல."